தண்ணீர் எங்கே போகிறது? பழைய டிராக்டரில் ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்கு வரும் செலவுகளில் பெரியது, இன்ஜின் இறக்குவது. பல நேரங்களில் அதற்குக் காரணம், கவனிக்காமல் விட்ட தண்ணீர் ஒழுகல். சில நேரங்களில், இறக்கத் தேவையே இல்லாத இன்ஜினையும் இறக்கிவிடுகிறார்கள். அப்படியொரு செலவு, திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கடைசி நேரத்தில் தப்பியது.

அவருடையது முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த மாஸி பெர்குசன் 1035. சொந்த நிலம் இரண்டரை ஏக்கர், மல்லாட்டை போடுகிறார். ஊராருக்கு வாடகை உழவு ஓட்டுவதில்தான் குடும்பம் நடக்கிறது. ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்தது. ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டும். வண்டியோ, அரை நாள் ஓட்டினால் ரேடியேட்டருக்குக் கால் குடம் தண்ணீர் கேட்டது. ராத்திரி நிறுத்தினால் அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“வெளிய ஒழுகலைன்னா உள்ள போகுதுண்ணே. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினை இறக்கிடலாம்” என்றார் உள்ளூர் மெக்கானிக். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டும். “வித்துடலாம்ப்பா” என்றான் மகன். புரோக்கர் சொன்னது இரும்பு விலை. “திண்டிவனம் பட்டறைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றார் மனைவி.

வந்தவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் ஆயில் கேஜை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறும்; அப்படி இல்லை. பிறகு, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழ் விடாமல் வரும், வரவில்லை. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை.

“இந்த மூணும் இல்லைண்ணே. ஹெட்டைத் தொடறதுக்கு முன்னாடி வெளியதான் தேடணும்” என்றார்.

இன்ஜினைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துத் தேடினார்கள். தண்ணீர் பம்பின் அடியில் இருந்த சிறு துளையிலிருந்து, காய்ந்த உப்புக் கோடு ஒன்று வெள்ளையாக இறங்கியிருந்தது. போர்வெல் தண்ணீர் விட்ட தடம் அது. பம்புக்குள் இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் வெளியே வந்து நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். எம்-சீல் வைத்து அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். ஓடும்போது மட்டும் சொட்டியதை ஃபேன் காற்று சிதறடித்தது. இன்ஜின் சூடு காயவைத்தது. தரையில் ஈரம் தெரியாதது அதனால்தான்.

சீல் கெட்டதற்கும் காரணம் இருந்தது. வண்டி சூடாகிறதே என்று மகன் ஃபேன் பெல்ட்டை இழுத்துக் கட்டியிருந்தான். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பேரிங் தேயும், தண்டு ஆடும், சீல் கிழியும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும்.

மகன் விழுப்புரம் போய் சீலும் பேரிங்கும் வாங்கி வந்தான். மறுநாள் மதியம் வண்டி கழனியில் இறங்கியது. ஆன செலவு ஒரு மூட்டை மல்லாட்டை விலைகூட இல்லை. வாடகை உழவில் இரண்டு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். சொந்த நிலத்துக்கு மட்டும் ஈரம் மிச்சமிருந்தது.

எந்த வரிசையில் தேடுவது?

செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர். அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் காக்கிறது. ரப்பர் வெடித்திருந்தால் ஆவியாகவே தண்ணீர் குறையும். அடுத்து மேல், கீழ் ஹோஸ்கள், கிளாம்புகள், வடிகுழாய். பிறகு ரேடியேட்டர் குழாய்கள், தண்ணீர் பம்பு, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடு மூடிகள். இவற்றில் எதுவும் இல்லை என்றால்தான் ஹெட் கேஸ்கட்.

செய்யக் கூடாதவை

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க உதவலாம். அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டால் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர் உள்ளே படிந்து, சூடு வெளியேறாமல் தடுக்கும். துணியில் வடிகட்டிய மழைநீர் அதைவிட நல்லது. கம்பெனி சொன்ன அளவில் கூலன்ட் கலந்தால் துருவும் பிடிக்காது.

ஒன்றில் மிகுந்த கவனம் தேவை. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கடும் விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் மாடோ நாயோ குடித்துவிடும். சிறுநீரகம் கெட்டுச் சாகும். மூடிய கேனில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பட்டம் தவறும் நிலையில் வண்டி நின்றுவிட்டால், வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஒரு சொம்பு கூடினால், அன்றே டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.