துண்டுக்குள் தலை

வீடியோவுக்கென்றே வாங்கிய கேமரா. 12 மெகாபிக்சல்தான், வியூஃபைண்டரும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி போனேன். உச்சி வெயிலில் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைப் புகைப்படம் எடுக்க, பழைய ஸ்டூடியோக்காரர் மாதிரி தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டேன். சங்கு விற்கும் அக்கா, “தம்பி, தலை சுத்துதா?” என்று தண்ணீர் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், வீடியோவுக்காக மாட்டிய, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் 1/50 நொடி ஷட்டரும் அப்படியே இருந்திருக்கின்றன. அலை, காக்கா, அக்காவின் கை எல்லாம் கலங்கல். சுவர் மட்டும் துல்லியம், பவளக்கல்லின் துளைகள் உட்பட. (சுவர் எங்கே ஓடப்போகிறது!) ஏ4-ல் பிரிண்ட் போட்டேன்; அதற்கு 12 மெகாபிக்சல் தாராளம்.

அக்காவின் கலங்கிய கையையும் ஒன்று போட்டேன். அதுதான் மேசைமேல் இருக்கிறது.