தண்டவாளம் குறைந்தால் ஊர் தெரியும்

ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கு அருகில், லாங் விட்டன்ஹாம் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. டிட்காட் ஸ்டேஷனில் இறங்கினால் சில மைல் தூரந்தான். பொம்மை ரயில் அபிமானிகளுக்கு அது ஒரு க்ஷேத்திரம். அங்குள்ள பெண்டன் காட்சிச்சாலையைக் காணவே நாம் சென்றோம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்த ராய் இங்லண்ட் என்பவர் 1954-ல் ஸ்தாபித்த சாலை இது. வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு மனம் வருந்திய அவர், அவற்றை ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்து காப்பாற்ற முனைந்தார். கூரையும் சாளரமும் தோட்டத்துக் காய்கறியும் அங்கே அசலாக விளங்குகின்றன. ரயில் எங்கோ ஓர் ஓரமாகச் செல்கிறது. கண் நிலைப்பதோ ஊரில்!

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்று கிடைத்துவிட்டால், இரட்டைப் பாதை, சுற்றுப் பாதை, பத்துக் கிளைகள் எல்லாவற்றையும் அதில் திணித்துவிடுகிறோம். வளைவுகள் நெருங்குகின்றன, பாயிண்டுதோறும் வண்டி தடம் புரள்கிறது, ஒரு மரம் நடவும் இடமில்லை. சில நாளில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது.

'பாதையைக் குறைத்தால் விளையாட்டும் குறையுமே!' என்று நேயர்கள் கேட்கலாம். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த 'இங்கில்நூக்' அமைப்பு இதற்கு விடை. அதில் பாயிண்டுகள் இரண்டே, கிளைகள் மூன்றே. ஒன்றில் ஐந்து வாகன்கள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் ஒதுங்கும் பாதையில் எஞ்சினும் மூன்று வாகன்களும் மட்டுமே கொள்ளும். மொத்தம் எட்டு வாகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, சீட்டு வந்த வரிசையிலேயே அவற்றைக் கோத்து நிறுத்தவேண்டும். எட்டை ஏழாலும், ஆறாலும், ஐந்தாலும், நாலாலும் பெருக்கிப் பாருங்கள்: 6,720 வகை! தினம் ஒன்றாக ஆடினாலும் முடிக்கப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே ஒவ்வொரு கிளையையும், "நீ எந்தச் சரக்கை எங்கே இறக்குகிறாய்?" என்று கேட்போம். பதில் இல்லாததைப் பெயர்த்து எடுப்போம். காலியான இடத்தில் நம் ஊர்த் தேரடியையோ, இடிபடக் காத்திருக்கும் பாட்டியின் ஓட்டு வீட்டையோ அமைக்கலாம். அந்த வீடு நாளை தெருவில் இராது, பலகையிலாவது இருக்கட்டும்.