வெறும் பட்டியல்

காத்தான்குடி பிரதான வீதியில் ஒரு துணிக்கடை. கடன் கணக்கெல்லாம் பேர்ள் நிரல்மொழியில் எழுதிய ஒரு சிறு ஜன்னல் நிரலில் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி மஸ்ஊத் என்ற வாடிக்கையாளரின் பெயரைத் தேடுகிறார். இப்படியான பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவோர் அரபு 'ஐன்' எழுத்துக்காக நடுவில் ஒரு தனிமேற்கோள் குறி போடுவதுண்டு. பெயரை அப்படியே வினவலுக்குள் ஒட்டியிருந்தால், தரவுத்தளம் அந்தக் குறியோடு பெயர் முடிந்ததென்று எண்ணி, மிச்சம் விளங்காமல் வினவலையே தள்ளிவிடும்.

திரையில் வெறும் பட்டியல். மஸ்ஊத் கடனே வாங்கவில்லை போலும்!

பிழையை யாரும் சொல்லாமல் விடவில்லை. தரவுத்தளத்தோடு பேசும் டிபிஐ, கேட்காமலேயே எச்சரிக்கை அச்சிடும், ஆனால் முனையத்தில். அந்தக் கறுப்புச் சாளரம் அசிங்கமென்று, அதைத் திறக்காத 'டபிள்யூபேர்ள்' கொண்டு ஓட்டினால் முனையமே கிடையாது. டிபிஐயின் 'ரெய்ஸ்எரர்' அமைப்பைப் போட்டால் பிழை நேர்ந்த இடத்திலேயே நிரல் செத்துவிழ வேண்டும். பேர்ளின் ஜன்னல் நூலகமான டிகேயில் அதுவும் நடப்பதில்லை. அழுத்திய பொத்தானின் வேலை மட்டும் பாதியில் நிற்கும். மரண அறிவித்தலை அதே முனையத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் அடுத்த சொடுக்குக்குக் காத்திருக்கும். எனவே வினவலைப் பிழை பிடிக்கும் 'ஈவல்' கட்டுக்குள் வைத்து, பிடிபட்ட பிழையை ஒரு செய்திப்பெட்டியில் காட்ட வேண்டும். பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்துப் பெயரைத் தனியே கொடுத்தால் மஸ்ஊத் வில்லங்கமே எழாது.

கடன் கணக்கென்றால் நட்டத்தோடு போகும். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரை காத்தான்குடி. அதன்பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா' மென்பொருளில் (அது பிஎச்பி, பேர்ள் அல்ல) காணாமற்போனோர் பதிவேடும் இருந்தது. அத்தகைய ஏட்டில் 'பெயர் இல்லை', 'தேட முடியவில்லை' இரண்டுக்கும் ஒரே வெற்றுத்திரை என்றால் தேடி வந்தவர் எதை நம்புவார்?

டிபிஐயை ஆக்கியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். திருத்தவோ அழிக்கவோ சொன்ன கட்டளை பிழையின்றி ஓடி, ஒரு வரியைக்கூடத் தொடவில்லையென்றால், அது வெறும் பூச்சியத்தைத் தருவதில்லை. பேர்ளுக்குப் பூச்சியம் 'இல்லை' ஆகிவிடுமே. பதிலாக பூச்சியம், 'ஈ', பூச்சியம் என்று மூன்று எழுத்தைத் தருகிறது. கணக்குப் போட்டால் பூச்சியம், ஆமா இல்லையா என்று கேட்டால் ஆம். குறும்புக்காரர்கள்!

தேடலுக்கு இந்த வித்தை கைகொடுக்காது. வரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, வரி தீர்ந்தாலும் நடுவில் பிழை வந்தாலும் கிடைப்பது ஒரே வெறுமைதான். 'ரெய்ஸ்எரர்' போடாதவர், எடுத்து முடித்தபின் பிழை உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஆளுக்குப் பஞ்சி.