தோப்பியும் கள்ளுக்கடையும்

சங்க இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்களுக்குச் சில பகுதிகள் இடர் தருவன. காதலையும் கொடையையும் விரித்துரைக்கும் நா, கள்ளைப் பற்றிய அடிகள் வந்ததும் சற்றே தயங்குகிறது. அக்கால மக்கள் கள்ளுண்டு களித்தனர் என்னும் ஒற்றைத் தொடரோடு அப்பகுதி முடிந்துவிடும். மலேசியத் தோட்டப்புறங்களில் தமிழ் கற்பித்தோர்க்கு இத்தயக்கம் இன்னும் மிகுதி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் முந்தைய இரவு என்ன நிகழ்ந்தது என்பதை ஆசிரியர் அறிவார். ஆகவே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அத்தயக்கத்தின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும், புரட்டப்பட்ட அப்பக்கத்தில் நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு என்பது என் கருத்து.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாணன் செல்லும் வழியில் எந்த நிலத்து மக்கள் என்ன உணவு அளிப்பர் எனக் கூறிச் செல்லும் அந்நூல், வலைஞர் குடியிருப்பை அடையும்போது ஒரு செய்முறையையே விளக்கிவிடுகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர். அகன்ற வாயையுடைய பிழாவிலிட்டு ஆற்றுவர். முளையால் ஆகிய நல்லடையை அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டுச் சாடியில் முற்ற விளைவிப்பர். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். அதே நூலின் வேறோரிடத்தில் மறவர் பருகும் தோப்பி பேசப்படுகிறது. அது நெல்லால் வீட்டிலேயே ஆக்கிய கள் என்பது உரை. கள் என்றதும் பனையும் தென்னையுமே நினைவுக்கு வரும் நமக்கு, தானியத்திலிருந்து தம் இல்லத்தில் மது ஆக்கிய குடும்பங்களை இப்புலவர் காட்டுகிறார்.

இவ்வடிகளின் நுட்பத்தை நான் முழுமையாக உணர்ந்தது ஒரு மடலின் வாயிலாக. கோலா தெர்லாவில் என்னிடம் பயின்று இப்பொழுது இங்கிலாந்தில் வாழும் மாணவர் ஒருவர் அதனை எழுதியிருந்தார். அந்நாட்டில் 1963ஆம் ஆண்டு முதல், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பீர் ஆக்குவோர்க்கு உரிமம் வேண்டுவதில்லை. அவரும் ஓய்வு நாள்களில் நான்கு லிட்டர் அளவில் 'பேல் ஏல்' என்னும் வெளிர்நிறப் பார்லி மதுவைத் தானியத்திலிருந்தே ஆக்கிப் பார்க்கிறார். "ஐயா, இவ்வேலையின் ஒவ்வொரு படிக்கும் தமிழில் என்ன சொல்வது?" என்பதே அவர் வினா.

அவர் எழுதிய முறை இது. மால்ட் என்பது நீரில் ஊறவைத்து முளைகட்டிப் பின்னர் உலர்த்திய பார்லி. ஒரு கிலோ மால்ட்டை உடைத்து, ஏறத்தாழ 65 பாகை சூடுள்ள மூன்று லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கவேண்டும். பிறகு வடிகட்டி, எஞ்சிய சக்கையைச் சுடுநீரால் அலசி, அந்த இனிய சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கவேண்டும். ஹாப்ஸ் என்னும் கொடியின் மணமுள்ள பூங்காய்களுள் சிறிதளவு கொதி தொடங்கும்போதே சேரும். அது கைப்பைத் தரும். பெரும்பகுதி இறக்குவதற்குச் சற்று முன்னர்ச் சேரும். அது மணத்தைத் தரும். அனைத்தும் சேர்ந்து 30 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. சாறு 20 பாகைக்கு ஆறியபின் ஈஸ்ட் இடப்படும். இரண்டு வாரத்தில் அது சர்க்கரையை உண்டு, சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்து மேலும் இரண்டு வாரம் வைத்தால் நுரை கட்டும்.

இதனைப் படித்தபின் பெரும்பாணாற்றுப்படையை மீண்டும் எடுத்தேன். விதை முளைக்கும்போது, தன்னிடமுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் என்னும் நொதியைத் தோற்றுவிக்கிறது. இளஞ்செடிக்கு உரிய அச்சர்க்கரையை மனிதன் தன் சாடிக்குத் திருப்பிக்கொள்கிறான். வலைஞர் வீட்டு முளை செய்த வேலையும் இங்கிலாந்து மாணவரின் மால்ட் செய்யும் வேலையும் ஒன்றே. கொதிக்கும் களியில் முளையைக் கலந்தால் நொதி சிதைந்துவிடும். ஆற்றிய பின்னரே கலக்கவேண்டும் என்னும் அறிவு அந்த வீட்டாரிடம் இருந்தது. புலவர் அவ்வொழுங்கை மாற்றாமல் பாடியிருக்கிறார். வெப்பமானியும் வேதியியலும் இல்லாத காலத்தில், கையின் பழக்கத்தால் அறிந்தது அது.

வேறுபாடுகளும் உள. வலைஞரின் பிழியில் ஹாப்ஸ் இல்லை. அக்கொடி கோடையின் நீண்ட பகலை வேண்டுவது; பகலும் இரவும் ஆண்டு முழுதும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும் நம் நாட்டில் இயல்பாகச் செழிப்பதில்லை. அதன் கைப்பு சுவைக்காக மட்டும் சேர்வதன்று. சாற்றைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் அது தடுத்து நிறுத்துகிறது. அத்தகைய காவல் இல்லாத நெற்கள் சில நாள்களில் புளித்துவிடும். ஆக்கியவர் வீட்டிலேயே உண்டு தீர்க்கவேண்டும். ஹாப்ஸ் சேர்ந்த ஏல் கடல் கடக்க வல்லது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இலண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் மது கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகளும் அவ்வணிகத்தில் நுழைந்தன. 'இந்தியா பேல் ஏல்' என்னும் பெயரில் நம் முன்னோர் நாட்டின் பெயர் இருப்பினும், அது வெள்ளை அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் சென்ற பானமே.

மாணவர் தம் மடலில் மற்றொன்றும் குறித்திருந்தார். ஏல் ஈஸ்ட் விரும்பும் வெப்பம் 18 முதல் 20 பாகை வரை; "நம் ஊர்க் குளிர்தான், ஐயா" என்று எழுதியிருந்தார். உண்மையே. கேமரன் மலையில் இட்லி மாவைக் கரைத்துவைத்துக் கம்பளி போர்த்திக் காத்திருந்த தாய்மார்க்கு அக்குளிர் தெரியும். ஆனால் அந்த மலைக்கு ஏல் ஆக்கும் கலை வரவில்லை. தோப்பி ஆக்கும் கலையும் வரவில்லை. வந்தது சம்சு.

நாட்டின் தாழ்நிலத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. சம்பளம் ஒரு கையால் வழங்கப்பட்டு, அதில் ஒரு பகுதி மறு கையால் திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர் இதனை உணராதிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படை, 1947இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவலரின் தடியடிக்கும் சிறைக்கும் ஆளாயிற்று. தென்னை செழிக்காத உயரத்திலுள்ள எங்கள் மலையிலோ, சம்பள நாள் மாலையில் லயத்து வீடுகளுக்குப் பின்புறம் சம்சுப் புட்டிகள் கைமாறும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களோடு வாசலில் காத்துநின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்பின்னணியில் வளர்ந்த மாணவன் ஒருவன், தோப்பியைப் பற்றி நான் பாடம் சொன்ன நாளில் எழுந்து கேட்டான்: "அப்படியானால், ஐயா, எங்கள் அப்பா செய்ததும் தமிழர் பண்பாடுதானா?" வகுப்பு அமைதியாயிற்று. குடி நல்லதென்றோ தீயதென்றோ ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அவனைக் கரும்பலகைக்கு அழைத்து இரண்டு பட்டியல் எழுதச் சொன்னேன். தோப்பியை ஆக்கியவர் யார், தானியம் யாருடையது, எத்தனை நாள் காத்தனர், யாரோடு பகிர்ந்தனர் என்பது ஒன்று. சம்சுவை விற்றவர் யார், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது, வீட்டில் மிஞ்சியது என்ன என்பது மற்றொன்று. எழுதி முடித்ததும் அவனே கூறினான்: "முதலாவதில் பாணனுக்குப் பங்கு இருக்கிறது, ஐயா. இரண்டாவதில் அம்மாவுக்குக்கூட இல்லை."

அவன் கண்டதைவிடத் தெளிவான உரையை நான் கூற இயலாது. முளையும் சாடியும் வேண்டிய பொறுமை, விற்பனைக்கெனக் கலக்கப்படும் சாராயத்துக்கு இல்லை. 2018இல் சிலாங்கூரிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோரையும், 2024இல் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால் கலந்த மது. இரண்டிடத்தும் மாண்டவருள் பலர் அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தோர். மாணவர்க்கு இதனையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் உரிமமின்றி மது ஆக்குவது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பாடம் செய்முறைப் பயிற்சியாகிவிடலாகாது.

இங்கிலாந்து மாணவருக்குச் சொற்களைத் தொகுத்து அனுப்பினேன். மால்ட்டுக்கு முளைதானியம், வெந்நீரில் ஊறுவதற்கு ஊறல், வடித்த சாற்றுக்குப் பிழி. ஹாப்ஸை ஹாப்ஸ் என்றே விட்டுவிடலாம் என்றேன். நம்மிடம் இல்லாத கொடிக்கு நாம் பெயர் தேடி அலையவேண்டியதில்லை. ஊறல் என்னும் சொல்லைப் பார்த்ததும் அவர்க்கு லயத்துப் பின்புறம் நினைவு வந்ததாம். அச்சொல்லை விலக்கிவிடவா என்று கேட்டார். விலக்கவேண்டா என விடை எழுதினேன். அச்சொல் ஊறுகாயிலும் உண்டு, கிணற்றிலும் உண்டு; கள்ளச்சாராயம் காய்ச்சுவோர்க்கு அதனை முழுவதுமாக விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.