ஆயில் குடிக்கும் இன்ஜின்

நிலக்கடலை விழுது இறங்குற நேரம். இந்த ரெண்டு வாரம் மண் ஈரமா இல்லேன்னா விழுது உள்ளே போகாது, காய் கிடையாது. கரண்டு சர்வீசுக்கு எழுதிக் கொடுத்துட்டு வரிசையில நிக்கிறதால எங்க கிணத்துல இன்னமும் 5 குதிரைசக்தி ஆயில் இன்ஜின்தான். அது திடீர்னு நீலமாப் புகை விட ஆரம்பிச்சுது. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயிலையே எரிக்குதுன்னு அர்த்தம். போன வருசம்தான் டவுன்ல ஒரு பட்டறையில புது ரிங் போட்டோம்.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து ஹெட்டைக் கழட்டி, பிஸ்டனை வெளியே எடுத்தார். பிஸ்டனைச் சுத்தி வளையல் மாதிரி இருக்கிறதுதான் ரிங். உங்க கார் இன்ஜினுக்குள்ளயும் இதே சங்கதிதான். மேல் ரிங் வெடிப்போட அழுத்தத்தைத் தாங்கும். ரெண்டாவது, லைனர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கீழே வழிச்சு விடும். அதோட முகம் லேசா சாய்வா இருக்கும், களைக்கொத்து மாதிரி. அதனாலதான் ஒரு பக்கத்துல ‘டாப்’னு குறி போட்டிருக்காங்க. தலைகீழா மாட்டினா, வழிச்சு கீழே விட வேண்டிய ஆயிலை மேலே தள்ளும்.

“தம்பி, இங்க பாருங்க” என்றார். குறி கீழே பார்த்து இருந்தது.

ரிங் வாய்கள் மூணும் கிட்டத்தட்ட ஒரே நேரா இருந்ததையும் காட்டினேன். “அதுக்கு யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுங்க. ஓட்டத்துல ரிங் சுத்தும். ஆனா தானாப் புரண்டு படுக்காது” என்றார். நியாயமான மனுசன்.

புது ரிங்கை அப்படியே மாட்டிடல. ஒவ்வொண்ணையும் வெறும் லைனருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா அழுத்தி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் வச்சுப் பார்த்தார். 80 மி.மீ. லைனருக்கு 0.3 மி.மீ. சுமாரா இருக்கணுமாம். மூணு பேப்பர் கனம். ஒண்ணு 0.15தான் இருந்தது. சூட்டுல ரிங் நீளும்போது ரெண்டு முனையும் முட்டிக்கிட்டா ரிங் ஒடியும், லைனரும் கீறிப் போகும். பொடி அரத்தால ராவிச் சரி பண்ணினார். பழைய ரிங்கை ஒடிச்சு, அந்த முனையாலயே பிஸ்டன் பள்ளத்துல இருந்த கரியைச் சுரண்டினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அப்புறம் ஆயில் தடவி, ‘டாப்’ மேலே பார்க்க, வாய்களை மூணு திசைக்குத் திருப்பி வச்சு, ரிங்கை அமுக்கும் பட்டை போட்டு இறக்கினார். பொழுது சாயிறதுக்குள்ள ஹேண்டில் போட்டோம். முதல்ல கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிஞ்சுது. “சும்மா ஓட விடாதீங்க, ரிங் லைனர்ல படியாது. தண்ணி எடுங்க, ஆனா முழு வேகம் வேண்டாம்” என்றார்.

ராத்திரி 11 மணிக்கு வடக்கு வயல்ல கடைசிப் பாத்தி நிறைஞ்சது. முதல் 20 மணி நேரம் ஓடினதும் ஆயிலை மாத்தச் சொல்லியிருக்கார். இன்னைக்கோட 17 ஆச்சு.