பீரோவில் எவ்வளவு

ஏப்ரல் 14, 2025, திங்கள்
இன்னைக்கு ராத்திரியோட சரி. இனி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடைசிப் பங்கு 1,850. டீசல், ஐஸ் எல்லாம் போக இவ்வளவுதானாம். பீரோவுல 3,200. அரிசி இருக்கு. எண்ணெய் இல்ல. ராத்திரி பூரா கால் கடுப்பு.

ஏப்ரல் 16, புதன்
உரிமைத் தொகை 1,000 சிலிண்டருக்கே சரியாப் போச்சு. இந்த மாசம்தான் 50 ஏத்துனாங்க. என் வீட்டுக்காரவுக வலை பொத்தப் போறாக. கூலி வந்தா வந்ததுதான். மயினி கிறிஸ்துமஸுக்கு வாங்குன 2,000-ஐப் பத்திப் பேச்சே எடுக்கல. இன்னைக்கும் வந்தாக, மீன் கொழம்பு வாங்கிட்டுப் போனாக. எனக்கு வயிறு எரியுது. இனி யாருக்கும் பத்து ரூபா கைமாத்து கிடையாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
ஒருசந்தி. கஞ்சி மட்டும். கோயில்ல போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பணம் வாங்குற அக்காவைப் பாத்தேன். அடுத்த மாசம் முடியுதாம். பாஸ்புக்கைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னாக. கொரோனா ஊரடங்குல, படகும் ஓடாம பஸ்ஸும் ஓடாம கெடந்தப்ப ஆரம்பிச்சது. மாசம் 300. அந்த முதல் 300-ஐ எப்படித்தான் குடுத்தேன்?
சிலுவைப்பாதை நேரத்துல கணக்கு ஓடுச்சு மனசுல. ஆண்டவர் பொறுத்துக்கிடுவார்.

ஏப்ரல் 22, செவ்வாய்
திருத்தந்தை பிரான்சிஸ் நேத்து இறந்துட்டாக. மாமி சாப்பிடவே இல்ல.
பவுன் 74,320. டிவியில அதைச் சொன்னதும் அவுக என்னையப் பாத்தாக. "இப்ப சங்கிலியைத் திருப்பி வச்சா 90 ஆயிரம் தருவான். ஒரு வல்லத்துல பங்கு வாங்கிரலாம். வல்லத்துக்குத் தடைக்காலம் கெடையாதுல்லா." நான் ஒண்ணும் சொல்லல.
பேங்குல அடகு கெடக்கற ரெண்டு பவுன் விலை ஏறுனா எனக்கு என்ன? கழுத்துல கவரிங். வேர்வைக்கு அரிக்குது.

ஏப்ரல் 29, செவ்வாய்
திரேஸ்புரம் ஏலம். வல்லத்து மீன் மட்டும்தான், அதனால கை வைக்க முடியல. சீலா கிலோ ஆயிரத்தைத் தாண்டிட்டு. சாளை எடுத்தேன். தெருத் தெருவா ஒரு மணி வரைக்கும். எல்லாம் போக 420 நின்னுச்சு.
நோட்டெல்லாம் மீன் தண்ணி. தாம்பாளத்துல பரப்பி, ஓரத்துல உழக்கை வச்சு, ஃபேனுக்குக் கீழ காயவச்சேன். காந்தி முகத்துல ஒரு செதிள். நகத்தால சுரண்டி எடுத்தேன். டப்பாவுல 100. நாளைக்கும் 100 போடணும்.

ஏப்ரல் 30, புதன்
போடல. சின்னவனுக்குக் காய்ச்சல். 340 செலவு.

மே 6, செவ்வாய்
கத்திரி வெயில். கரண்ட் இல்ல. மாமி விசிறிக்கிட்டே 1961-ஐப் பத்திச் சொன்னாக. கடைசி முத்துக்குளி. மாமிக்கு அப்ப எட்டு வயசு. சிப்பியை மூணு கூறு போட்டா அதுல ஒண்ணுதான் குளிச்சவனுக்கு. அவுக அப்பா அந்தக் கூறை வித்து, வீட்டுக்குக் கம்மல் வாங்கிட்டு வந்தாகளாம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கம்மல் அடகுக்குப் போயிட்டு. மூழ்கிப் போச்சு. மாமிக்கு இன்னைக்கும் அந்தக் கம்மல் டிசைன் ஞாபகம் இருக்கு. விரலால தரையில வரைஞ்சு காட்டுனாக.
ராத்திரி தூக்கம் வரல.

மே 12, திங்கள்
பேங்குல இருந்து கடுதாசி. நகைக்கடனுக்கு வருசம் முடியுது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறதெல்லாம் இனி கெடையாதாம். அசலையும் கட்டி அடைக்கணும், மறுநாள்தான் திரும்ப வைக்கணும். அசல் 60,000. வட்டி 5,400. ஒரே ஒரு ராத்திரிக்கு 65,400 எங்க போவேன்? இல்லாதவனுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம்.
முக்குக் கடையில நாள் வட்டிக்குத் தராகளாம், நூத்துக்கு ஒண்ணு. கேக்க மாட்டேன்.
டப்பாவுல 900. கவரிங் அரிக்குது. வேப்பெண்ணெய் போட்டேன்.

மே 20, செவ்வாய்
போஸ்ட் ஆபீஸ். 20,909. கட்டுனது 18,000, மிச்சம் வட்டி. ஒத்தைத் தவணை தவறல. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை எண்ணிக் குடுத்துச்சு. இடுப்புல சொருகிட்டு நடந்தேன். பஸ் ஏறல. ஏன்னு தெரியல, நடக்கணும்போல இருந்துச்சு.
அவுககிட்ட சொன்னேன். "அம்புட்டா?"ன்னாக. அதுக்கு மேல பேசல.
இன்னும் 44,491.

மே 21, புதன்
மயினி வந்தாக. மடியில இருந்து 45,000 எடுத்து வச்சாக. மக கல்யாணத்துக்குச் சேத்தது. "வட்டியெல்லாம் பேசாத. வெள்ளிக்கிழம சாயங்காலம் குடுத்துரு." எனக்கு வார்த்தை வரல. காப்பி போட்டேன். சீனி கூடிப் போச்சு.

மே 22, வியாழன்
அடைச்சாச்சு. சங்கிலி கையில. போட்டுக்கிட்டுப் படுத்தேன். கனமா இருக்கு, குளிர்ச்சியா இருக்கு. மூத்தவ தொட்டுத் தொட்டுப் பாத்தா. இப்படியே வச்சிக்கிட்டா என்ன?

மே 23, வெள்ளி
"90 வரைக்கும் போட்டுத் தரலாம்மா." பேங்குக்காரர் நல்ல மனுசன்தான், நெசமாத்தான் சொன்னார். அவுக பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாக. நான் "45 போதும் சார்"னேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் 45.
வார வழியெல்லாம் அவுக பேசல. மயினிக்குக் குடுத்தாச்சு. போன வருசம் 60, இந்த வருசம் 45. கையில மிச்சம் 509.

மே 26, திங்கள்
அந்த 509-ல 300 போட்டுப் புது ஆர்.டி. இப்ப வட்டி 6.7-ஆம். அப்ப 5.8. அவுக இன்னும் மொகம் குடுக்கல. நான் செஞ்சது சரிதான். சரிதானா?

ஜூன் 2, திங்கள்
பள்ளிக்கூடம். பிளஸ் ஒன்னுக்கு நோட்டு, பேக், ஷூ. டப்பா காலி. எல்லார்மேலயும் எரிச்சலா வருது.

ஜூன் 5, வியாழன்
தடைக்கால நிவாரணம் 8,000 ஏறிட்டு. கடைக்காரருக்கு 4,700. டப்பாவுல 500. மக்ரூன் கால் கிலோ வாங்கினேன். பிள்ளைங்க சண்டை போட்டுத் தின்னுச்சு.

ஜூன் 7, சனி
போன்ல செய்தி படிச்சுக் காட்டுனாக. ரிசர்வ் வங்கி மாத்திட்டாம். ரெண்டரை லட்சத்துக்குள்ளன்னா நூத்துக்கு 85 வரைக்கும் நகைக்கடன். "பாத்தியா?" பாத்தேன். அடுத்த வருசம் 30. அதுக்கடுத்த வருசம் கழுத்துல. இதைத்தான் சொன்னேன். "அப்ப வல்லம்?"னாக. சின்னப் பிள்ள மாதிரி கேட்டாக.

ஜூன் 13, வெள்ளி
படகுக்குப் பெயின்ட் அடிச்ச கூலி. என் கையில 1,000 குடுத்து, "உன் டப்பாவுல போடாத. தனியா வையி. வல்லத்துக்கு"ன்னாக. காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டேன். பங்கு எவ்வளவுன்னு கேட்டேன், சரியாத் தெரியலயாம். நாளைக்குத் திரேஸ்புரம் போகும்போது நானே விசாரிக்கணும். சங்கத்துல மீனவ மகளிர் சேமிப்பும் கட்டணும். நம்ம 1,500-க்கு கவர்மெண்டு 3,000 போடுது, அதை விடக் கூடாது. முதல் பங்கு வரட்டும்.