சூடுபட்ட பூனையும் குளிர்ந்த நீரும்

“ஷா எஷோதே கிரேன் லோ ஃபுருவாத்” என்பது பிரெஞ்சு மக்களிடையே இடைக்காலம் தொட்டு வழங்கிவரும் பழமொழி. ‘வெந்நீர் பட்ட பூனை குளிர்ந்த நீருக்கும் அஞ்சும்’ என்பது அதன் நேர்ப்பொருள். பூனையைச் சுட்டது வெந்நீர். அது இப்போது கண்டு ஓடுவதோ குளிர்ந்த நீர். அந்த நீரால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் இரண்டும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால், தொட்டுப் பார்க்கும் வரை பூனை நிற்பதில்லை. ஒருமுறை பட்ட துன்பம், அதைப்போலத் தோன்றும் தீங்கற்றதையும் ஐயுற வைக்கும் என்பதே இதன் கருத்து.

ஆங்கிலத்தில் இதற்கு ஈடாகப் பெரும்பாலும் இரண்டு பழமொழிகள் சொல்லப்படும். ‘ஒருமுறை கடிபட்டவன் மறுமுறை இருமடங்கு கூசுவான்’ என்பது ஒன்று. ‘சுட்டுக்கொண்ட குழந்தை நெருப்புக்கு அஞ்சும்’ என்பது மற்றது; இதுவே பழையது. இவை பேச்சில் இயல்பாக வந்து பொருந்தும். எனினும் குழந்தை அஞ்சுவது தன்னைச் சுட்ட அதே நெருப்புக்குத்தான். அந்த அச்சம் முழுக்க நியாயமானது. பிரெஞ்சுப் பூனையின் அச்சம் அளவை மீறியது. இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் கைநழுவிப் போகிறது.

இப்பழமொழியைச் சொல்லும் பிரெஞ்சுக்காரர் இலங்கையின் மட்டக்களப்புக்குப் புதியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் அங்கே பணியாற்றினர். தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் இளமையில் பயின்ற புனித மிக்கேல் கல்லூரி அவர்கள் வளர்த்தெடுத்தது. ஆயினும் கல்லூரியில் ஓங்கியிருந்தது ஆங்கிலமே. பிரெஞ்சு மொழியின் கருத்துகளை ஆங்கில வழியாகவே அறியும் பழக்கம் தமிழருக்கு இன்றும் பெரிதாக மாறவில்லை. இந்தப் பழமொழியைப் பொறுத்தவரை தமிழுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

தமிழிலும் ஒரு பூனை உண்டு: ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.’ விலங்கு ஒன்றாக இருப்பதால் இதுவே நேர் ஈடு என்று தோன்றும். ஆனால் தமிழ்ப் பூனை விலகுவது தன்னைச் சுட்ட அடுப்பை விட்டுத்தான். அது பட்டறிந்த பூனை. கருத்தில் ஆங்கிலக் குழந்தைக்கு உறவு. மறுபுறம், ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது அளவு மீறிய அச்சத்தைச் சொல்கிறது. அந்த அச்சம் எதனால் வந்தது என்பதை அது சொல்வதில்லை. முதல் பழமொழியின் காரணத்தையும் இரண்டாவதன் மிகையையும் சேர்த்தால் பிரெஞ்சுப் பழமொழியின் பொருள் முழுமையாகக் கிடைக்கும்.

அதே பொருளைச் சரியாகச் சொல்லும் பழமொழிகள் அயல்மொழிகளில் உள்ளன. கொள்ளிக்கட்டையால் அடி வாங்கியவன் மின்மினியின் வெளிச்சத்துக்கும் பயப்படுவான் என்பது சிங்கள வழக்கு. பாலில் வாய் வெந்தவன் மோரையும் ஊதிக் குடிப்பான் என்பார்கள் இந்தியில். துருக்கியர் மோருக்குப் பதிலாகத் தயிர் என்பார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் துருக்கி வடிவத்துக்கு விளக்கமே வேண்டியதில்லை.

எந்த இடத்தில் எந்தப் பழமொழி பொருந்தும் என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையின் அனுபவமே தெளிவாக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நாவலடி என்ற ஊரைச் சுனாமி அழித்தது; அயலிலுள்ள கல்லடியிலும் பேரிழப்பு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை கேட்டதும் கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். பேரலை எதுவும் வரவில்லை. அந்த ஓட்டத்தைப் பிரெஞ்சுப் பூனையின் ஓட்டமாகச் சொல்வது தவறு. அன்று அவர்கள் அஞ்சியது முன்பு தங்களை அழித்த அதே கடலுக்கு. அது அடுப்பங்கரை சேராத பூனையின் அறிவு. ஆனால் கடலில் உறவைப் பறிகொடுத்த ஒருவர், முழங்காலளவு வாவி நீரில் இறங்கவும் உடல் நடுங்கி நின்றால், பிரெஞ்சுப் பழமொழி அவரையே குறிக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர், சாதாரண வாடைக்காற்றுக்கும் எழுந்து கூரையைப் பார்த்தால், அதுவும் அப்படியே.

புலம்பெயர்ந்தோர் வாழ்விலும் இதற்கு இடமுண்டு. சீட்டுக் காசைப் பறிகொடுத்தவர் பிறகு வங்கியையும் நம்பத் தயங்குவார். பயண முகவரிடம் ஏமாந்தவர், அரச அலுவலகத்திலிருந்து முறையாக வரும் கடிதத்தையும் பலரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுவார். பிரெஞ்சுக்காரர் இப்பழமொழியை ஏளனமாகச் சொல்வது குறைவு. ‘முன்பு பட்டவர், அதனால்தான் தயங்குகிறார்’ என்று ஒருவருக்காகப் பரிந்து பேசவும், தன் தயக்கத்துக்குத் தானே காரணம் சொல்லவும் அது பயன்படுகிறது. ‘அரண்டவன்’ என்ற தமிழ்ப் பழமொழியில் இந்தப் பரிவு இல்லை. அதனால் துயரப்பட்டவர் முன்னால் அதை ஈடாகப் பயன்படுத்தக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பீற்றர் பேர்சிவல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874இல் நூலாக வெளியிட்டார். அது பெரும்பணி. ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் ஒரு பழமொழியை வாழவைக்காது. அதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பதும் கூடவே வேண்டும். பிரான்சில் வளரும் பிள்ளைக்கு இப்பழமொழியை விளக்கும் பெற்றோர் இரண்டு தமிழ்ப் பழமொழிகளையும் சொல்லி, வேறுபாட்டைக் காட்டி, அவை பொருந்தும் ஊர் நிகழ்ச்சிகளையும் சொல்லட்டும். பிள்ளைக்குப் பிரெஞ்சும் விளங்கும், மட்டக்களப்பும் விளங்கும்.